நாலாம் பந்திக்கு வராத பதில்

2024 ஜூன் 8, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். இரவு பெய்த மழையில் பின்பக்கக் கொடியில் கிடந்த துணிகள் மறுபடி நனைந்திருந்தன. பிழிந்து கொண்டுவந்து கதிரைகளின் முதுகில் போட்டேன். பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு ஏழரை பஸ்ஸில் கண்டிக்குப் போனேன். நீதிமன்றத்துக்குக் கிட்ட எனக்கு ஒரு சிறிய அறை உண்டு. நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். காணி உறுதிகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், தீர்ப்புகள் என்று சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் மாற்றிக் கொடுப்பது என் தொழில். அன்று ஒரு காணி உறுதியை முடித்து முத்திரை குத்தினேன். சனிக்கிழமை அரைநாள் என்பதால் மதியம் அறையைப் பூட்டி, சந்தையில் கத்தரிக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு, வழக்கம்போலக் கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டம் என்றால் மூன்று பேர். ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில், துணிக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேசையும் மூன்று கதிரைகளும். கடை நானாவின் தம்பியுடையது. நானா பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையின் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் இஞ்சினியர். வயதில் என்னைவிட இளையவர்தான். ஆனாலும் கடைப் பொடியன்கள் அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா, நானா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. மூன்றாமவர் டீச்சர். ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர்.

கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, மேலே ஏன் வீடியோப் பாடம் போய்ச் சேருவதில்லை என்று கேட்டு டீச்சர் எங்கெங்கோ கடிதம் எழுதினார். அவற்றைச் சிங்களமாக்க என்னிடம் வந்தார். கடிதத்தில் வந்த தொழில்நுட்பச் சொற்கள் எனக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க ஒருவரைத் தேடினபோது நானா கிடைத்தார். நாங்கள் மூவரும் சேர்ந்தது அப்படித்தான். எங்களுக்கு ஒரு பெயர்கூட இருக்கவில்லை.

டீச்சர் வரும்போதெல்லாம் ஒரு பைக்கற் தேயிலைத் தூள் கொண்டுவருவார். நானா அதை முகர்ந்து பார்த்து, "இதென்ன டீச்சர், ஒவ்வொரு மொறையும் தூசிய அள்ளிக் கொண்டுவாறீங்க?" என்பார். "நல்லதெல்லாம் கப்பல்ல போயிருச்சு நானா. கப்பல்ல ஏறாததத்தான் நாம குடிக்கிறோம்" என்பார் டீச்சர். பிறகு மூவரும் அதைத்தான் குடிப்போம்.

2024இல் அரசாங்கம் தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தப் புறப்பட்டிருந்தது. கொழும்பிலிருந்த ஓர் அமைப்பு, மாவட்டங்களிலிருந்து மகஜர்களை, அதாவது கோரிக்கை மனுக்களை, சேர்த்துக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. நாங்களும் ஒன்று எழுதினோம். நாலு பந்திகள். முதல் மூன்றும் ஒரே பிற்பகலில் முடிந்துவிட்டன. அமைச்சர் நினைத்த நேரத்தில் இணையத்தை மூடக்கூடாது, மூடினால் காரணம் எழுத்தில் வேண்டும், நீதிமன்றத்துக்குப் போக வழி வேண்டும். இவற்றில் எங்களுக்குள் வேறு கருத்து இருக்கவில்லை.

நாலாம் பந்தி இணைய நடுநிலைமை பற்றியது. இணைப்பைத் தருகிற கொம்பனி, நீங்கள் அதில் எதைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பார்த்து விலையையோ வேகத்தையோ மாற்றக்கூடாது என்பதே அதன் சாரம். வாசிக்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதை எழுதினால், வட்ஸ்அப்புக்கு மட்டும் என்று விற்கப்படும் மலிவுப் பெக்கேஜ்களையும் தடைசெய்யச் சொல்ல வேண்டும். டீச்சரின் வகுப்பு முழுவதும் அந்தப் பெக்கேஜில்தான் நடந்தது.

அந்த வகுப்பை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளிடம் போன் கிடையாது. போன் அம்மாவினுடையது, காலையில் அவரோடு கொழுந்து மலைக்குப் போய், பின்னேரம் அவரோடு லயத்து வீட்டுக்குத் திரும்பும். அதற்குப் பிறகுதான் வகுப்பு. டீச்சர் கரும்பலகையைப் படம் எடுத்து அனுப்புவார். கணக்கைக் குரலில் விளக்கி அனுப்புவார். பிள்ளைகள் கொப்பியைப் படம் எடுத்து அனுப்ப, அவர் போனிலேயே சிவப்புக் கோடு போட்டுத் திருத்தித் திருப்பி அனுப்புவார். மூத்த வகுப்புக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் கணிதத்துக்கு வேறு பிரத்தியேக வகுப்பு இல்லை.

இந்த நாலாம் பந்தியை வைத்து நானாவும் டீச்சரும் மூன்று மாதம் சண்டை பிடித்தார்கள்.

"அந்தப் பெக்கேஜ் வேலி டீச்சர்" என்பார் நானா. "புள்ளைகள உள்ளுக்குப் போட்டுப் பூட்டி வெச்சிருக்கான். ஒலகத்துல ஈக்கிற மத்த எல்லாத்துக்கும் வெளியில காசு."

"வேலிக்குள்ளயாவது நிக்கிறோம்ல நானா? நீங்க வேலியப் புடுங்கிட்டா புள்ளைங்க நடுரோட்டுலல்ல நிக்கும்."

"எல்லாத்துக்கும் ஒரே வெலைன்னு சட்டம் வந்தா அந்த வெலைய அவன் கொறைக்கத்தான் வேணும்."

"கொறைக்கிற வரைக்கும்?"

"கொஞ்ச காலம் போகும்தான்."

"ஒங்க சட்டத்துக்குக் காலம் இருக்கு. எங்க புள்ளைங்களுக்குச் சோதினை இருக்கு."

நானாவுக்கு இது வெறும் கொள்கை இல்லை என்பது எனக்குத் தெரியும். 2018 மார்ச்சில் திகனைப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்ட வாரம், அவருடைய தங்கச்சி குடும்பத்தோடு ஒரு பள்ளத்துக்குள் ஒளிந்திருந்தவர். வதந்திகள் வட்ஸ்அப்பில் போனுக்குப் போன் பரவின. அவை பொய் என்று செய்தித் தளங்கள் எழுதின. ஆனால் செய்தித் தளத்தைத் திறக்க டேட்டா வேண்டும். "பொய் சும்மா வந்திச்சி. பொய்ன்னு செல்றதுக்குக் காசு கேட்டான்" என்று ஒருமுறை சொன்னார்.

டீச்சருக்கும் அந்த வாரம் மறக்கவில்லை. அரசாங்கம் சமூக ஊடகங்களை மூடியது. அவருடைய கணவர் கட்டாரில். கண்டி எரிகிறது என்று அங்கே தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, வட்ஸ்அப்பில் அழைத்து அழைத்துப் பார்த்து, நாட்கணக்காகச் செய்தி தெரியாமல் தவித்திருக்கிறார். "எந்தப் பெக்கேஜ் விக்கலாம், எது விக்கக்கூடாதுன்னு எழுதுற பேனாவ நாமளே அவங்க கையில குடுக்கணுமா?" என்று டீச்சர் கேட்டார். "அடுத்தது எத மூடுறதுன்னும் அதே பேனாவாலதான் எழுதுவாங்க."

நான் இருவருக்கும் இடையில் கதிரையில் இருந்து குறிப்பு எடுத்தேன். ஒருவர் பேசும்போது அவர் பக்கம் நியாயம் என்று படும். மற்றவர் பேசத் தொடங்கினால் இந்தப் பக்கம். இன்றைக்கும் எனக்கு அப்படித்தான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எதை எழுதினாலும் வெளியே அனுப்புவதற்கு முன் ஊருக்கு விடுவோம். நானா மூன்று மொழியிலும் ஒரு இணையப் பக்கம் செய்து வைத்திருந்தார். ஒவ்வொரு பந்திக்கும் கீழே கருத்து எழுதப் பெட்டி. அதன் இணைப்பைச் சம்பந்தப்பட்ட ஆட்களுக்கு அனுப்பிவிட்டு ஒரு வாரம் பொறுப்போம். யாரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்று கொள்வோம். முன்பு இரண்டு விடயங்களில் இது நன்றாக நடந்தது. இரண்டும் கண்டி நகரத்து விடயங்கள். அந்த இணையப் பக்கத்தைப் பற்றி நானாவுக்குப் பெருமை. கைப்போனிலும் எழுத்து உடையாமல் வரும் என்று காட்டுவார்.

ஜூன் முதலாம் திகதிக் கூட்டத்தில், சண்டைக்கு முடிவு காணாமல் களைத்துப்போய், இருவரும் இந்த வழக்கத்தில் வந்து நின்றார்கள்.

"நான் இனி வாதாடல" என்றார் டீச்சர். "பெத்தவங்க சொல்லட்டும். சரின்னாங்கன்னா நான் வாயத் தொறக்காம கையெழுத்துப் போடுறேன்."

"அல்லாஹ் மேல ஆணையாச் செல்றேன்" என்றார் நானா. "ஒரு தாய் வேணான்னு எழுதினாப் போதும். நாலாம் பந்திய வெட்டி வீசுறேன்."

டீச்சர் அங்கேயே இருந்து இணைப்பைப் பெற்றோர் குழுவுக்கு அனுப்பினார்.

ஜூன் 8ஆம் திகதி அந்த ஒரு வாரம் முடிந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டதால் கீழே கடையில் நிற்க இடமில்லை. படியேறி வந்த டீச்சரின் குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தேயிலைத் தூளை மேசையில் வைத்துவிட்டு இருந்தார். நானா அன்று முகர்ந்து பார்க்கவில்லை. மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார்.

நகரத்து ஆட்கள் எழுதியிருந்தார்கள். ஓய்வுபெற்ற ஒருவர் என் மொழிபெயர்ப்பில் இரண்டு காற்புள்ளிகளைத் திருத்தியிருந்தார். நாலாம் பந்திக்குக் கீழே ஒரு மாணவன் நல்லது என்று எழுதியிருந்தான். நானா மெல்ல மெல்லக் கீழே இறக்கினார். ஹுன்னஸ்கிரியப் பக்கத்திலிருந்து ஒரு சொல்லும் இல்லை.

"ஒருத்தருமே எழுதலையா?"

"இல்ல டீச்சர்."

"எப்பவும் எங்கிட்டக் கேள்வி கேக்குமே, அந்தம்மாகூடவா?"

"நீங்களே பாருங்களேன்."

டீச்சர் பார்த்தார். தானே மேலே ஏற்றி, திரும்பக் கீழே இறக்கிப் பார்த்தார். அவருடைய முகத்தில் நான் கண்டது தோற்றுப்போன முகம் இல்லை. வீட்டு ஆட்கள் தனக்காகப் பேசாமல் விட்டுவிட்ட ஒருத்தியின் முகம். நானாவும் வென்றவர்போல நடந்துகொள்ளவில்லை. கீழே போய் மூன்று பிளேன்டீயும் ரோல்ஸும் எடுத்துவந்து, டீச்சருக்கு முன்னால் முதலில் வைத்தார்.

மகஜரின் முன்னுரையின் கடைசியில் நான் ஒரு வசனம் சேர்த்தேன்: "ஹுன்னஸ்கிரியப் பகுதித் தோட்டப் பெற்றோரின் கருத்துக் கோரப்பட்டது, ஆட்சேபணை எதுவும் கிடைக்கவில்லை." டீச்சர் அதை வாசித்தார். அச்சுப் பிரதியில் மூவரும் கையெழுத்திட்டோம். ஸ்கேன் செய்து என் மின்னஞ்சலிலிருந்து கொழும்புக்கு அனுப்பினேன். அந்த வசனத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

குட்செட் பஸ் நிலையம்வரை டீச்சரோடு நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஹுன்னஸ்கிரிய பஸ் வரவில்லை. கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றோம்.

"நாந்தான் அவங்களப் புரிஞ்சிக்கலையோ, அக்கா?" என்றார். "நாம இந்தப் பெக்கேஜ புடிச்சிக்கிட்டுத் தொங்குறோம். அவங்களுக்கு வேற ஆசை இருக்கோ என்னமோ."

"பிள்ளையள் படிக்கிறதுக்கு வேற வழி பாப்பம்" என்றேன். எந்த வழி என்று எனக்கும் தெரியாது.

அவர் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துப் பெற்றோர் குழுவுக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். "எல்லாரும் சரின்னு விட்டதால கையெழுத்துப் போட்டுட்டேன். இனி வகுப்ப எப்படி நடத்துறதுன்னு பேசி முடிவு பண்ணுவோம்."

பதில் உடனே வந்தது. எப்போதும் கேள்வி கேட்கும் அந்த அம்மாவின் குரல். டீச்சர் எனக்கும் கேட்கச் சத்தத்தைக் கூட்டினார்.

"எதுக்கு டீச்சர் சரின்னோம்? நீங்க அனுப்புன அந்த நீல எழுத்த அமுக்குனா சுத்திக்கிட்டே கெடக்கு. நம்ம பெக்கேஜ்ல அது தொறக்காதாம், டேட்டா போடணும்னு புள்ள சொல்லுது. டீச்சர் எழுதுனதுதானே, நல்லதாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம்."

அடுத்தடுத்து இன்னும் குரல்கள். எங்களுக்கும் திறக்கவில்லை, நமக்கும்தான். ஒருவர் சிரித்துக்கொண்டே, "நாங்க படிச்சிட்டோம்னே போட்டுக்கங்க டீச்சர்!" என்றார். பின்னால் பிள்ளைகளின் சிரிப்பு.

டீச்சர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். "என் போன்ல தொறந்திச்சே, அக்கா" என்றார். கணவர் கட்டாரிலிருந்து மாதாமாதம் ரீலோட் போட்டுவிடுவதால் அவருடைய போனில் எப்போதும் டேட்டா இருந்தது. என்னுடையதில் இருந்தது. நானாவினுடையதில் இருந்தது. எது திறக்கும், எது திறக்காது என்பதைப் பற்றியே மூன்று மாதம் பேசிய மூன்று பேருக்கும் அந்த இணைப்பு திறந்தது.

நான்தான் நானாவுக்கு அழைப்பு எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொன்னேன். கடைச் சத்தத்துக்கு மேலாக நானாவின் குரல் வந்தது.

"பாத்தீங்களா? இதத்தானே நான் இவ்வளவு நாளும் செல்றேன். இதுக்கு மேல அத்தாட்சி வேணுமா? டீச்சர், அந்தக் குரல் எல்லாத்தையும் எனக்கு அனுப்புங்க. அப்படியே கொழும்புக்குக் குடுப்போம்."

டீச்சர் போனை என் கையிலிருந்து வாங்கினார். குரலை உயர்த்தவில்லை.

"நானா, காலையில வரைக்கும் அவங்க பதில் ஒங்களுக்கு வேணும்னு இருந்திச்சு. இப்ப அவங்களால பதில் சொல்ல முடியாமப் போனதுதான் ஒங்களுக்கு வேணும்."

"நான் அப்படிச் செல்லல்ல, டீச்சர்."

"ஒரு தாய் வேணான்னாப் போதும்னீங்க. எந்தத் தாயையும் நாம கேக்கவே இல்ல. என் பேர எடுத்துடுங்க."

"டீச்சர், அவசரப்படாதீங்க. என்ட தங்கச்சிட வீடு..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

"தெரியும் நானா" என்றார் டீச்சர். "அத நான் மறந்து பேசல."

பஸ் வந்தது. கண்டக்டர் தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, மஹியங்கனை என்று கத்திக்கொண்டிருந்தார். டீச்சர் என் கையில் போனைத் தந்துவிட்டு ஏறினார். யன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை. கூட்டத்துக்குள் அவருடைய குடையின் கைப்பிடி மட்டும் தெரிந்தது.

நான் வீடு வந்து விளக்கைப் போட்டபோது நானா மறுபடி அழைத்தார். சாந்தமாகத்தான் பேசினார்.

"பேர எடுக்கச் செல்லிக் கொழும்புக்கு இப்ப எழுத வேணாம் அக்கா. ரெண்டு நாள் பொறுங்க, நான் டீச்சரோட பேசுறேன். அவங்கட பேர் இல்லாட்டி மலையகத்துலேந்து ஒரு பேரும் இல்ல. டவுன் ஆக்கள் ரெண்டு பேர் எழுதின கடுதாசிய யார் பாக்கப்போறா? நாலாம் பந்தி விழுந்திரும்."

"விழலாம்" என்றேன். "ஆனா அவ கேட்டது அவவின்ர பேரைத்தான். அதைப் பிடிச்சு வைக்க எங்களுக்கு உரிமை இல்லை."

"அது சரியான பந்தின்னு ஒங்களுக்கே தெரியும்."

"ஓம், எனக்கு அப்பிடித்தான் படுது. அவையளிட்டக் கேக்காமல் அவையளின்ர பெயரிலை அதைச் சரி எண்டு சொல்ல என்னால ஏலாது."

"சரி அக்கா. ஒங்கட விருப்பம்" என்று வைத்துவிட்டார். அந்தச் சொல்லில் கோபம் இருந்திருந்தால் நல்லது என்று பிறகு நினைத்தேன்.

கொழும்புக்கு எழுதினேன். இரண்டு திருத்தங்கள்: மூன்றாவது கையெழுத்தை நீக்கவும், முன்னுரையின் கடைசி வசனத்தை நீக்கவும். இருவருக்கும் பிரதி அனுப்பினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கும்போது எங்கள் மூன்று பேர் குழுவிலிருந்து டீச்சர் விலகியிருந்தார். கத்தரிக்காய் பையிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் ஒன்றாக இருந்து தேத்தண்ணீர் குடிக்கவில்லை. சட்டம் அடுத்த மாதமே நிறைவேறியது. எங்கள் மகஜரை யாரும் வாசித்தார்களா என்று எனக்குத் தெரியாது. கொழும்பிலிருந்து வந்தது, கிடைத்தது என்ற ஒரு வரி மட்டும். டீச்சர் தீபாவளிக்கு அழைத்துப் பேசினார். வகுப்பு நடக்கிறதாம், அதே பெக்கேஜில். நானாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஒருநாள் சேலைக்குச் சட்டைத் துணி வாங்கப் போனபோது நானா கடையில் நின்றார். "மேல வாங்க அக்கா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். "டீச்சர் கடைசியாக் கொண்டுவந்த தூள் இன்னும் ஈக்கிது." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மூன்றாவது கதிரையைப் பார்த்துக்கொண்டு அந்தத் தேத்தண்ணீரை என்னால் குடித்திருக்க முடியாது.

இதற்கெல்லாம் முன்பு, அந்தச் சனிக்கு மறுநாள், ஜூன் 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, எழுந்தவுடன் தேத்தண்ணீருக்குக் கேத்திலை வைக்கவில்லை. மகஜரின் தமிழ்ப் பிரதியை எடுத்துக்கொண்டு யன்னலோரக் கதிரைக்குப் போனேன். அதன் முதுகில் கிடந்த துணி இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, முதலாம் பந்தியிலிருந்து சத்தமாக வாசித்துப் பதிவு செய்தேன். மூன்று பந்தியும் தடையில்லாமல் போனது. நாலாம் பந்தியில், "மேற்படி மலிவுப் பொதிகள் சட்டத்தால் தடைசெய்யப்படுதல் வேண்டும்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எழுத்தில் நான் பலமுறை சரிபார்த்த வசனம் அது. குரலில், கொழுந்து மலையிலிருந்து போனோடு திரும்பும் ஒரு அம்மாவைக் கூப்பிட்டு வைத்துச் சொல்வதுபோல இருந்தது. அழித்துவிட்டு, சட்டத் தமிழை விட்டு, பேசுகிற தமிழில் மறுபடி சொன்னேன்: இதைக் கேட்டால் உங்களுக்கு என்ன போகும், பிறகு என்ன கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் குரலிலேயே சொல்லுங்கோ என்று முடித்தேன்.

பெற்றோருக்குக் கொடுக்கும்படி எழுதி, அதை டீச்சருக்கு அனுப்பினேன்.